ஏர்சாஃப்ட் கடை வைக்கிறேன், துப்பாக்கிகளை நிறைய வாங்கி அடுக்கவா?

ஏர்சாஃப்ட் என்பது 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டுகளைச் சுடும் மாதிரித் துப்பாக்கிகளோடு ஆடும் அணி விளையாட்டு. சின்னதாகக் கடை போடுபவர்கள் முதல் பணத்தை எல்லாம் துப்பாக்கியிலேயே முடக்கிவிடுகிறார்கள், அது வேண்டாம். துப்பாக்கி வாங்கியவர் அடுத்ததை வாங்க வெகுநாள் ஆகும், ஆனால் ஒவ்வொன்றும் 0.20, 0.25 கிராம் எடையுள்ள குண்டுகளின் பாக்கெட், துப்பாக்கியில் நிரப்பும் கேஸ் (வாயு), குண்டைப் பின்சுழல வைக்கும், தேய்ந்துபோகும் ஹாப்-அப் ரப்பர் இதற்கெல்லாம் வந்துகொண்டே இருப்பார். சைக்கிள் கடையில் டியூபும் பிரேக் கட்டையும் ஓடுவது மாதிரிதான். அப்புறம், கண் பாதுகாப்புக் கண்ணாடி தராமல் யாரையும் அனுப்பாதீர்கள், சாதாரண கூலிங் கிளாஸ் குண்டு பட்டால் உடைந்து கண்ணிலேயே குத்தலாம்.

பொம்மைதானே, யாருக்கும் விற்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, பிரிட்டனில் 18 வயதாகாதவருக்கு விற்பதே குற்றம், பல நாடுகளில் குண்டின் சக்திக்கும் ஜூல் (ஆற்றலை அளக்கும் அலகு) கணக்கில் வரம்பு உண்டு.