செயின்ட் லூசியாவில் வேலை: சம்பளம் எந்த டாலரில்?

கேள்வி: என் மகனுக்குக் கரீபியன் தீவான செயின்ட் லூசியாவில், ஓட்டல் ஒன்றில் சமையல் வேலை வந்திருக்கிறது. மாதச் சம்பளம் 2,700 டாலர். அங்கே எல்லாத் தீவுகளுக்கும் ஒரே பணம், ஒரே சட்டம், ஒரு தீவில் அனுமதி வாங்கினால் அடுத்த தீவிலும் வேலை பார்க்கலாம் என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியைக் காட்டித்தான் மீதியையும் நம்ப வைக்கப் பார்க்கிறார்.

முதலில் சம்பளம். 2,700 எந்த டாலர் என்று இன்றே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். செயின்ட் லூசியாவின் பணம் கிழக்குக் கரீபியன் டாலர். 1976 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்ற மதிப்பு மாறவே இல்லை. ஆக, உங்கள் மகனுக்குச் சொன்ன தொகை உள்ளூர்ப் பணம் என்றால், அமெரிக்கக் கணக்கில் 1,000தான். சுற்றுலா ஊர் என்பதால் இரண்டு டாலரும் புழங்கும். பேச்சில் குழப்பம் வருவது சகஜம்.

அந்தப் பணம் எல்லாத் தீவுகளிலும் செல்லாது. ஆண்டிகுவா-பார்புடா, டொமினிகா, கிரெனடா, செயின்ட் கிட்ஸ்-நெவிஸ், செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட் என்ற ஆறு நாடுகளிலும், இன்னமும் பிரிட்டன் வசமுள்ள அங்குவிலா, மான்செராட்டிலும் செல்லும். பக்கத்துப் பார்படாஸுக்கு 1973 முதல் தனி டாலர். ஜமைக்கா, டிரினிடாட்டுக்கும் அப்படியே. மகன் ஊருக்கு வரும்போது மிச்சப் பணத்தை அங்கேயே மாற்றிவிடச் சொல்லுங்கள்.

ஏன் இப்படிப் பாதி ஒட்டும் பாதி வெட்டுமாக இருக்கிறது? 1958-ல் பிரிட்டன் தன் பத்துக் காலனிகளைச் சேர்த்து மேற்கிந்தியக் கூட்டாட்சி அமைத்தது. அது நாலே வருடம்தான் நின்றது. 1961 வாக்கெடுப்பில் ஜமைக்கா விலகியது. பத்தில் ஒன்று போனால் மீதி பூஜ்யம் என்று கணக்குச் சொன்ன டிரினிடாட் தலைவர் எரிக் வில்லியம்ஸ், தன் தீவையும் வெளியே கொண்டுபோனார். (கிரிக்கெட் அணி மட்டும் உடையவில்லை.) பெரியவர்கள் போனபின் சின்னத் தீவுகளுக்கு வேறு வழியில்லை. சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் நாடு தனி மத்திய வங்கி நடத்தினால் கட்டுப்படியாகுமா? 1967-ல் பொது உச்ச நீதிமன்றம், 1981-ல் கிழக்குக் கரீபியன் நாடுகளின் கூட்டமைப்பு, 1983-ல் செயின்ட் கிட்ஸில் பொது மத்திய வங்கி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து செய்துகொண்டார்கள். எட்டுப் பேரின் அந்நியச் செலாவணியும் ஒரே பெட்டியில் இருப்பதும் அந்த 2.70 நிலைத்திருக்க ஒரு காரணம். ஆஸ்பத்திரி மருந்துகளைக்கூட மொத்தமாகப் பேரம் பேசி வாங்குகிறார்கள். என்னைக் கேட்டால், அந்தக் கூட்டாட்சியைவிட இந்தச் சில்லறை ஏற்பாடுகள்தான் உருப்படியானவை.

ஆனால் நீதிமன்றம் பொது என்பதால் சட்டமும் ஒன்றாகிவிடாது. ஒவ்வொரு தீவுக்கும் தனி நாடாளுமன்றம். 2011 முதல் இந்தக் கூட்டமைப்புக்குள் தங்கவும் வேலை பார்க்கவும் கிடைத்த சுதந்திரமும் அந்த நாட்டுக் குடிமக்களுக்குத்தான். இதைவிடப் பெரிய வட்டம், ஜமைக்கா, பார்படாஸ் எல்லாம் சேர்ந்த கரிகாம் என்ற கரீபியன் நாடுகளின் அமைப்பு. அதில் குடிமக்களே படும் பாட்டைப் பாருங்கள். 2011-ல் ஒரு ஜமைக்காப் பெண்ணைப் பார்படாஸ் விமான நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பினார்கள். அவர் கரீபியன் நீதிமன்றத்தில் வழக்காடி 2013-ல் ஜெயித்த பிறகுதான், ஆறு மாதம் வரை தங்கும் உரிமை உறுதியானது. 2007 உலகக் கோப்பைக்காக வெளியாருக்கும் பொது விசா ஒன்று கொடுத்தார்கள். போட்டி முடிந்ததும் அதுவும் முடிந்தது. ஏஜென்ட் அதை நினைத்துக்கொண்டு பேசுகிறாரோ என்னவோ!

செயின்ட் லூசியா வேலை அனுமதியோடு ஆண்டிகுவாவில் வேலைக்குச் சேர்ந்தால் அது சட்டவிரோதம். சுற்றிப் பார்க்கப் போவதானாலும் அந்தந்தத் தீவின் விசா விதியைத் தனித்தனியே பார்க்க வேண்டும். பணம் கட்டும் முன், மகன் பெயரும் அந்த ஓட்டல் பெயரும் உள்ள வேலை அனுமதியின் நகலைக் கேளுங்கள். "டூரிஸ்டாகப் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்றால் வேண்டாம். அப்புறம், அந்த ஏஜென்ட் நம் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்தவர்தானா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடுங்கள்.