மாமரத்தடி வெட்டிவேர் மஞ்சளாவது பற்றி

யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி வளவில் மாமரத்தடியில் வைத்த வெட்டிவேர் பழுத்து மெலிகிறது, தண்ணீரும் தவறாமல் விடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். நிழல்தான் காரணமாக இருக்கும். முழு வெயில் கேட்கிற புல் அது. தூரைக் கிளப்பி, வேரோடு சிறு பிரிவுகளாக்கி, இலையை ஒரு சாண் விட்டு வெட்டி, மாரி தொடங்கும்போது வெளியான இடத்தில் நடுங்கள்.

வேலி தாண்டிப் பரவுமோ என்ற பயம் வேண்டாம். அறுகு, கோரை மாதிரி ஓடாது. வளர்ப்பு வகைகளில் முளைக்கிற விதை அநேகமாக இல்லை, நின்ற இடத்திலேயே தூர் பருக்கும். வேர் மட்டும் நேரே கீழே இறங்கும், ஆழமான மண்ணில் 3 மீட்டர்கூட. சுண்ணாம்புக்கல் மேலாகக் கிடக்கிற எங்கள் பக்கத்தில் அவ்வளவு ஆழம் கிடைக்காது, சரி. வாசவேர் கிண்டி எடுப்பதற்கு ஒன்றரை வருடமாவது விடுங்கள்.