திண்ணைப் பானை

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் சூப்பர்வைசராக இருக்கிறேன். இந்தத் தை முதல் நாளன்று, தினமும் யாருக்காவது ஒரு நல்ல காரியம் செய்வது என்று முடிவெடுத்து, அதை எழுதிவைக்க ஒரு நோட்டும் வாங்கினேன். 19 நாட்கள் எழுதினேன். பிறகு ஷிப்மெண்ட் நெருக்கடி வந்தது. நோட்டு மேசைக்குள் போய்விட்டது. அன்பாக நடந்துகொள்வதைப் பல் துலக்குவதுபோலப் பழக்கமாக்கிக்கொள்ள முடியுமா? அப்படிப் பழக்கமாகிவிட்டால் அது அன்புதானா, இல்லை வெறும் இயந்திரத்தனமா? நோட்டில் எழுத வேண்டுமே என்பதற்காக ஒரு முதியவரின் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைத்த அன்று, என்னை நினைத்து எனக்கே கூச்சமாக இருந்தது.

ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

19 நாட்களில் நின்றுபோனதற்கு உங்கள் மனத்தில் அன்பு குறைவாக இருந்தது காரணமல்ல. காலையில் எழுந்ததும் இன்று யாருக்கு என்ன செய்வது என்று ஒவ்வொரு நாளும் புதிதாகத் தேடவேண்டிய ஓர் ஏற்பாட்டைச் செய்துகொண்டீர்கள். அப்படித் தேடிச் செய்ய வேண்டிய எந்த வேலையும் ஷிப்மெண்ட் வாரத்தில் முதலில் கைவிடப்படும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2010-இல் வெளிவந்தது. உணவு, குடிநீர், உடற்பயிற்சி சார்ந்த ஒரு சிறு செயலை, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு என்பதுபோல அன்றாடம் தவறாமல் வரும் ஒரு தருணத்தோடு இணைத்துச் செய்து வரும்படி அவர்களிடம் சொல்லப்பட்டது. அது யோசிக்காமலே வரும் அளவுக்குப் படிய ஆளுக்கேற்ப 18 முதல் 254 நாட்கள் வரை, நடுவாக 66 நாட்கள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் கண்டார்கள். அது அன்பைப் பற்றிய ஆய்வு அல்ல. ஆனாலும் உங்கள் 19 நாட்களைத் தோல்வியாக எண்ண வேண்டியதில்லை என்று சொல்ல அது போதும்.

காங்கயத்துக்குத் தெற்கே இருந்த என் அம்மாயி (அம்மாவைப் பெற்ற பாட்டி) வீட்டுத் திண்ணையில், ஈர மணல் குவித்து அதன்மேல் ஒரு மண்பானை வைத்திருப்பார்கள். அது மானாவாரிப் பூமி. சித்திரை மாதத்தில் சேந்துகிணற்றின் கயிற்றோடு இன்னொரு துண்டுக் கயிற்றை முடிந்தால்தான் குடம் தண்ணீரைத் தொடும். அம்மாயி விடிகாலையில் சேந்தும் முதல் குடம் திண்ணைப் பானைக்குத்தான் போகும், அதற்கடுத்ததுதான் அடுப்படிக்கு. கடைசிக் குடத்தை ஊற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால், அதற்குள் கையும் ஓய்ந்திருக்கும், கிணறும் கலங்கியிருக்கும். சந்தைக்குப் போகிறவர்கள் குடித்துவிட்டுச் சொம்பைக் கவிழ்த்து வைத்துப் போவார்கள். யார் குடித்தது என்று அம்மாயி கேட்டதில்லை. பொழுதோட மூடியைத் தூக்கிப் பார்த்து, அடியில் மிச்சமிருப்பதை முருங்கைக்கு ஊற்றிவிட்டு, பானையைக் கழுவிக் கவிழ்ப்பார்.

இதோடு நிறுத்தினால் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். அந்தச் சொம்பை எல்லோரும் தொட முடியாது. காட்டு வேலைக்கு வந்தவர்களில் சிலர் திண்ணைக்குக் கீழே நின்று இரண்டு கைகளையும் குவிப்பார்கள். அம்மாயி மேலிருந்து ஊற்றுவார். அவர் முகத்தில் வெறுப்பு எதையும் நான் பார்த்ததில்லை, அதுதான் இன்றைக்கு என்னை உறுத்துகிறது. முதல் குடத்தை வழிப்போக்கர்களுக்கு ஊற்றிய அதே கை, அதே அளவு யோசனையின்மையோடு இதையும் செய்தது. நம் பகுதி டீக்கடைகளில் இருந்த தனிக்குவளையும் இப்படி நாள்தோறும் கைகள் செய்துவந்த பழக்கம்தான். ஆகவே, அன்பைப் பழக்கமாக்க முடியுமா என்று நீங்கள் கேட்கும்போது, அன்பின்மை ஏற்கெனவே எங்கெங்கே நம் பழக்கமாகிக் கிடக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கத் தோன்றுகிறது.

உங்கள் செக்கிங் பிரிவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் உங்களிடம் வேலை செய்வார்கள். பேச்சில் ‘ங்க’ விட்டுப்போனால் மனம் நோகிற ஊர் நம்முடையது. நடை பழகும் குழந்தையைக்கூட ‘வாங்க கண்ணு’ என்றுதான் கூப்பிடுகிறோம். அதே வாய், நாற்பது வயதுள்ள ஒடியாக்காரர் ஒருவரை ‘டேய், இந்திக்காரா’ என்று அழைக்கிறது. அவருடைய தாய்மொழி இந்திகூட அல்ல. அழைப்பவருக்கு அவர்மேல் பகையும் இல்லை, யோசிக்காமல் வருகிற சொல் அது. நீங்கள் புதிய நற்செயல் எதையும் தேடிப் போக வேண்டாம். பதினொரு மணிக்கு டீ கேன் வரும்போது, முதல் டம்ளரை உங்கள் மேசைக்கு எடுத்துக்கொள்ளாமல், லைனின் கடைசியில் நிற்பவரிடம் அவர் பெயரைச் சொல்லி, ‘எடுத்துக்கோங்க’ என்று கொடுங்கள். ஷிப்மெண்ட் வாரத்திலும் டீ வரும்.

இயந்திரத்தனம் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். கோவையை அடுத்த வடிவேலம்பாளையத்தில் கமலாத்தாள் பாட்டி பல ஆண்டுகளாக ஒரு ரூபாய்க்கு இட்லி விற்றுவந்தது 2019-இல் நாடு முழுவதும் தெரியவந்தது. 2020 ஊரடங்கின்போதும் அவர் விலையை ஏற்றவில்லை. வருகிற ஒவ்வொருவரையும் பார்த்து இவருக்கு இரங்கலாமா, கூடாதா என்று அவர் தீர்மானிக்க வேண்டியிருக்கவில்லை. இரக்கத்தை விலையிலேயே வைத்துவிட்டார். சாப்பிடுகிறவரும் காசு கொடுத்துச் சாப்பிட்டுத் தலைநிமிர்ந்து போகிறார். நாள்தோறும் ஒரே விலை என்பதால் அதை இயந்திரத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றாடம் செய்வதால் கை பழகிக்கொள்கிறது. அப்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கக் கண்ணுக்கு அவகாசம் கிடைக்கிறது. சாலையைக் கடக்க வைத்த அன்று உங்களுக்கு அந்த அவகாசம் இல்லை. அந்த முதியவர் உங்கள் நோட்டில் ஒரு வரியாகிவிட்டார், அதனால்தான் கூசியது. அந்தக் கூச்சம் வந்ததே நல்லது என்று நினைக்கிறேன்.

நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மிச்சமுள்ள பக்கங்களில் உங்கள் பிரிவில் வேலை செய்பவர்களின் பெயர்களை எழுதுங்கள். எப்படி உச்சரிப்பது என்று அவரவரிடமே கேட்டு, தவறாகச் சொன்னால் திருத்தும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள். நோட்டைப் பார்க்காமல் எத்தனை பெயர்கள் வாயில் வருகின்றன என்று ஆடி பிறக்கும்போது எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.