கணவர் இன்னும் விறாந்தையில் படுக்கிறார்

கேள்வி: நான் ஆசிரியை, வசிப்பது யாழ்ப்பாணம், கோப்பாய். இரண்டாவது பிள்ளைக்கு 5 மாதம். பிரசவ விடுமுறை முடிந்து பாடசாலைக்குப் போகத் தொடங்கிவிட்டேன். அம்மா என்னோடும் பிள்ளைகளோடும் அறையில் படுக்கிறார், கணவர் விறாந்தையில். உறவின்போது வலிக்கிறது, விருப்பமே வருவதில்லை. பால்மா, மருந்து தவிர நாங்கள் கதைப்பதற்கு ஒன்றுமில்லை. அவர் மீதான அன்பு போய்விட்டதா?

பதில்: அந்த முடிவுக்கு இப்போதே வராதீர்கள். பாலூட்டும் காலத்தில் புரோலாக்டின் ஹோர்மோன் கூடியும் ஈஸ்திரோஜன் குறைந்தும் இருக்கும். அதனால் பிறப்புறுப்பின் உட்தோல் மெலிந்து வறளும், விருப்பமும் அடங்கும். வலிக்குப் பயந்த உடம்பு தொடுகைக்கே விலகும். உங்கள் கணவரோ அதை வெறுப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். நீரை அடிப்படையாகக் கொண்ட வழுக்குக் களிம்பு மருந்துக்கடையில் கிடைக்கும். ஆணுறை பாவிப்பவர்கள் தேங்காய் எண்ணெய் பூசக் கூடாது, ஆணுறை கிழிந்துவிடலாம். 5 மாதமாகியும் வலி நிற்கவில்லை என்றால், தையல் போட்ட இடத்தை ஒரு மகப்பேற்று வைத்தியர் பார்த்தே ஆக வேண்டும்.

மீண்டும் கர்ப்பமாகிவிடுமோ என்ற பயமும் விருப்பத்தைக் கொல்லும். தாய்ப்பால் மட்டும் கொடுத்து, மாதவிடாயும் வராதிருந்தால் முதல் 6 மாதம் பாதுகாப்பு உண்டு. நீங்கள் பகலில் பாடசாலையில் இருக்கிறீர்கள், பால்மாவும் கொடுக்கிறீர்கள். அதை நம்பியிருக்க முடியாது. கருப்பைக்குள் வைக்கும் லூப் போன்ற கருத்தடை முறைகள் பாலூட்டலுக்கு இடையூறில்லை. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது அந்த விறாந்தைதான். நம் ஊரில் பெரும்பாலும் சீதன வீடு மகளுடையது. மாப்பிள்ளை அங்கே வந்து சேர்ந்தவர். பிள்ளை பிறந்தால் சரக்குக் கறியும் சுடுநீர்க் குளிப்புமாக அம்மாவின் பொறுப்பில் வீடு நடக்கும். அந்த நாட்களில் அது பெரிய துணை. 31ஆம் நாள் கழிந்து துடக்கும் (பிள்ளைப்பேற்றுத் தீட்டும்) போய்விடுகிறது, கணவர் மட்டும் விறாந்தையிலேயே தங்கிவிடுகிறார். மாமியார் படுக்கும் அறைக்குள் வர அவருக்குக் கூச்சம். இவ்வளவு பாடுபட்ட அம்மாவிடம் அதைச் சொல்ல உங்களுக்கு மனமில்லை. இப்படி எத்தனையோ வீடுகளைக் கண்டு மனம் நொந்திருக்கிறேன். "மூத்தவன் இனி உங்களோடு வேறு இடத்தில் படுக்கட்டும், அம்மா" என்று கேட்டுப் பாருங்கள். அம்மம்மாமார் இதை மறுப்பது அரிது.

வலி தீரும்வரை உறவு வேண்டாம் என்று இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். அப்போது அவர் கை உங்கள் தோளில் பட்டால் உடம்பு பதறாது. இரவில் நீங்கள் பால் கொடுத்ததும் பிள்ளையைத் தோளில் போட்டு ஏவறை எடுக்கவைப்பது அவர் வேலையாகட்டும். உங்களுக்குத் தூக்கம் கிடைக்கும், அவருக்குப் பிள்ளை கிடைக்கும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் மனம் ஒட்டாமல், அழுகையாக, பிள்ளை தூங்கியும் உங்களுக்குத் தூக்கம் வராமல் இருந்தால் அது பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வாக இருக்கலாம், குணப்படுத்தக்கூடிய நோய். சாக வேண்டும் என்ற எண்ணமோ பிள்ளைக்கு ஏதும் செய்துவிடுவேனோ என்ற பயமோ வந்தால் காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். 1926 என்ற மனநல உதவி எண்ணையும் அழைக்கலாம்.

வைத்தியரிடம் போகும் நாளில் கணவரையும் கூட்டிச் செல்லுங்கள். வலிக்கான காரணத்தை அவரும் நேரே கேட்கட்டும்.