தாளம் தப்பிய இதயம், வீட்டுக்கு வரும் செலவு: கேள்வி பதில்

திருகோணமலையில் வாட்டிலும் கிளினிக்கிலும் தாதியாக 31 வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்ற இதயத் துடிப்புக் கோளாறு பற்றி, முக்கியமாக அதனால் வரும் செலவு பற்றிக் கேளுங்கள் என்று போன கிழமை எழுதியிருந்தேன். நினைத்ததைவிட நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

உப்புவெளி ஆசிரியர் ஒருவர்: மிஸ், இது இதய வருத்தம். இதைப் பொருளாதாரப் பிரச்சினை என்று ஏன் சொல்கிறீர்கள்?

தம்பி, முதலில் வருத்தம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் சோணையறை என்று படித்திருப்பீர்கள், இதயத்தின் மேல் அறைகள். அவை ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் நடுங்கத் தொடங்கினால் அங்கே இரத்தம் தேங்கும், தேங்கிய இரத்தம் கட்டியாகும், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம் (ஸ்ட்ரோக்). இந்தத் துடிப்புக் கோளாறு உள்ளவருக்குப் பாரிசவாதம் வரும் அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 5 மடங்கு. அப்படி வரும் பாரிசவாதம் மற்றக் காரணங்களால் வருவதைவிடக் கடுமையானது, ஆளைப் படுக்கையில் போடுவதும் அதிகம்.

இனிக் காசுக்கு வருவோம். பிரித்தானியாவில் 2000 ஆம் ஆண்டுக்கு ஒரு கணக்குப் போட்டார்கள். இந்த ஒரு வருத்தத்துக்கு மட்டும் 459 மில்லியன் பவுண், அந்த நாட்டு அரச சுகாதாரச் செலவில் கிட்டத்தட்ட 100 இல் 1 பங்கு. 1995 இல் 244 மில்லியனாக இருந்தது ஐந்தே வருடத்தில் இப்படி ஏறியிருக்கிறது. அந்த 1995 செலவில் பாதி ஆஸ்பத்திரியில் அனுமதித்துப் பார்த்த செலவு, மருந்துச் செலவு ஐந்தில் ஒரு பங்குதான். நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம், எங்கள் ஆட்கள் 'மருந்து விலை, மருந்து விலை' என்றே பயப்படுகிறார்கள், ஆனால் காசைத் தின்பது மருந்தல்ல, மருந்து எடுக்காமல் வாட்டில் போய்ப் படுப்பதுதான்.

இங்கே ஆஸ்பத்திரி இலவசம், அதனால் பில் கையில் வருவதில்லை. பில் வராததால் செலவே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். கட்டில், ஸ்கேன், மருந்து எல்லாம் வரிக் காசு. அது போக மிச்சமெல்லாம் வீட்டுக்காரர் தலையில்.

மூதூர் தங்கச்சி ஒருவர்: அப்பா கடலுக்குப் போனவர். இரண்டு வருடத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை. துடிப்புக் கோளாறு இருந்தது அதற்குப் பிறகுதான் தெரியும். பார்க்க ஆளில்லாமல் நான் கடை வேலையை விட்டேன். என்னுடைய இழப்பு எந்தக் கணக்கிலாவது வருகிறதா?

தங்கச்சி, உங்கள் கேள்வியை மூன்று தரம் வாசித்தேன். பெரும்பாலான கணக்குகளில் வராது. ஆஸ்பத்திரிச் செலவை எண்ணுவது சுலபம், ரசீதும் பதிவும் இருக்கும். வேலை இழந்தவரின் சம்பளத்தைச் சில ஆய்வுகள் சேர்க்கும். வீட்டில் இருந்து குளிப்பாட்டி, ஊட்டி, இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்கும் மகளின் வேலைக்கு யாரும் சம்பளம் கொடுக்காததால் அதற்கு விலையே இல்லை என்பது போல விட்டுவிடுகிறார்கள். அது சரியில்லை.

உங்கள் வீட்டையே எடுத்துப் பாருங்கள். அப்பாவின் உழைப்பு நின்றது, அது ஒன்று. உங்கள் சம்பளம் நின்றது, அது இரண்டு. வள்ளமும் இயந்திரமும் கிடந்து பழுதாகியிருக்கும், அல்லது விற்றிருப்பீர்கள். பம்பர்ஸ், பிசியோதெரப்பிக்குப் போகும் ஓட்டோ, அடகில் போன நகைக்கு வட்டி. அரச உத்தியோகத்தருக்கு வருத்த லீவும் ஓய்வூதியமும் இருக்கும், மீனவருக்கும் கூலி வேலை செய்பவருக்கும் விழுந்த நாளிலிருந்தே வருமானம் பூச்சியம். ஒரே வருத்தம்தான், ஆனால் நகர்ப்புறத்து உத்தியோகத்தர் வீட்டைத் தட்டுவதும் மூதூர் கரையில் ஒரு வீட்டைத் தட்டுவதும் ஒன்றல்ல.

நான் வேலை செய்த ஒரு வாட்டில் பாரிசவாதம் வந்த ஐயாமாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு மகளோ மருமகளோ நிற்பாள். அவள் என்ன வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறாள் என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை, நானும் பல வருடம் கேட்கவில்லை. இப்போது நினைத்தால் மனம் வலிக்கிறது. உங்கள் பிரதேச செயலகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தீர்களா? இல்லையென்றால் கிராம சேவகரிடம் இந்தக் கிழமையே கேளுங்கள்.

கிண்ணியாவிலிருந்து ஒரு நானா: வார்ஃபரின் குளிசை இலவசமாகத்தான் தருகிறார்கள். ஆனால் மாதாமாதம் இரத்தம் பார்க்க வந்து போவதிலேயே நாள் போகிறது. இரத்தம் பார்க்கத் தேவையில்லாத புதுக் குளிசைக்கு மாறலாமா?

நானா, நீங்கள் கொஞ்சம் கணக்குப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறீர்கள் போல. தெரியாதவர்களுக்கு: வார்ஃபரின் என்பது இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் குளிசை. ஒரு நாள் கூலி 3,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஒருதரம், நீங்களும் கூட வரும் மகனும், அப்படியென்றால் வருடத்துக்கு 24 நாள் கூலி, 72,000 ரூபா. சாப்பாடும் பஸ் காசும் சேர்க்கவில்லை. இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2 க்கும் 3 க்கும் இடையில் நிற்காவிட்டால் இன்னும் அடிக்கடி வரச் சொல்வார்கள். ஆக 'இலவச' மருந்து உங்களுக்கு இலவசமில்லை.

அபிக்சபான், டபிகட்ரான் போன்ற புதுக் குளிசைகளுக்கு அந்த இரத்தப் பரிசோதனை வேண்டாம், மூளைக்குள் இரத்தம் கசிவதும் வார்ஃபரினைவிடக் குறைவு. ஆனால் வெளியே பாமசியில் வாங்கினால் விலை கூட, அதோடு எங்கள் நாட்டு மருந்துகளில் பெரும்பகுதி இறக்குமதி. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 க்குத் தாவியபோது என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். இரண்டு மாதம் வாங்கி மூன்றாம் மாதம் காசில்லாமல் விடுவதென்றால் அது மிகவும் ஆபத்து, இந்தக் குளிசைகளின் பாதுகாப்பு ஓரிரு நாளில் போய்விடும்.

இன்னொன்று. சிறு வயதில் வாதக் காய்ச்சல் வந்து வால்வு சுருங்கியவர்கள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புதுக் குளிசை நல்லதா என்று பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2022 இல் வந்தது, புதுக் குளிசைகளில் ஒன்றான ரிவரோக்சபானைவிடப் பழைய வார்ஃபரின் வகையே உயிர் காப்பதில் முன்னுக்கு நின்றது. அதனால் முதலில் எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டை டொக்டரிடம் காட்டி, உங்கள் வால்வு எப்படி என்று கேட்டுவிட்டு மாறுவதைப் பற்றிப் பேசுங்கள். கீரை வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும் என்று கீரையை விட வேண்டாம், ஒரு கிழமை நிறைய, மறு கிழமை ஒன்றுமில்லை என்று மாற்றாமல் ஒரே அளவில் சாப்பிடுங்கள்.

கந்தளாயிலிருந்து: வார்ஃபரினுக்குப் பதிலாக ஆஸ்பிரின் போதாதா? மலிவு, இரத்தப் பரிசோதனையும் இல்லை.

போதாது. வார்ஃபரின் பாரிசவாதத்தை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது, ஆஸ்பிரின் ஐந்தில் ஒரு பங்குதான். இரத்தக் கசிவு ஆபத்தும் அதில் இருக்கிறது. இதயக் குழாய் அடைப்புக்காக டொக்டர் எழுதியிருந்தால் அது வேறு கதை.

தம்பலகாமத்திலிருந்து ஒரு அம்மா: எனக்கு ஒரு உபாதையும் இல்லை. பிறகு எதற்குப் பார்க்க வேண்டும்?

அம்மா, பலருக்கு ஒன்றுமே தெரியாது. சிலருக்குப் படபடப்பு, களைப்பு, படியேறினால் மூச்சு வாங்கும், அதை வயது என்று விட்டுவிடுவார்கள். பெருவிரல் பக்கத்து மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். ஒழுங்கில்லாமல், அடுத்த துடிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாதபடி அடித்தால் ஒரு ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். 65 வயது தாண்டியவர்கள், பிரஷர், சீனி, தைரொயிட் உள்ளவர்கள் கட்டாயம் பாருங்கள்.

கனடாவிலிருந்து ஒரு தம்பி: நிலாவெளியில் இருக்கும் அப்பாவுக்குத் துடிப்புப் பார்க்கும் கைக்கடிகாரம் அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் அது கெட்டுப்போனால் திருத்துவதும் சார்ஜ் போடுவதும் யார்? அந்தக் காசில் நல்ல பிரஷர் மெசின் ஒன்று வாங்கிக் கொடுத்து, ஒரு ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுக்கவைத்து, மிச்சத்தை மாதாமாத மருந்துக்கென்று ஒதுக்குங்கள். அப்புறம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்: வாய் கோணினால், கை தூக்க முடியாவிட்டால், பேச்சுக் குழறினால் உடனே 1990 க்கு அடிக்க வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசி 4.5 மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் ஸ்கேனும் எடுக்க வேண்டும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்குமுன் படகுப் பாதையில் ஏறக் காத்திருந்தே அந்த நேரம் போய்விடும். இப்போது பாலம் இருக்கிறது, ஆனால் 'எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம்' என்று வீட்டிலேயே நேரத்தை விடுகிறோம்.

பலர் கேட்டது: அரசாங்கம் என்ன செய்யலாம்?

பெரிய இயந்திரம் எதுவும் நான் கேட்கவில்லை. பிரஷர், சீனி பார்க்கும் எல்லாக் கிளினிக்கிலும் நாடியையும் ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்துக் கொப்பியில் எழுதட்டும். விரல் நுனி இரத்தத்தில் ஐ.என்.ஆர். பார்க்கும் சிறிய கருவியைக் கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுத்தால் மூதூர், குச்சவெளி ஆட்கள் நகரத்துக்கு ஓட வேண்டியதில்லை. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் 12.4 வீதம். வயதோடு கூடும் வருத்தம் இது, இன்றைக்குக் கருவி வாங்காவிட்டால் நாளைக்குக் கட்டில் வாங்க வேண்டி வரும்.

கடைசியாக, நேற்று இரவு வந்தது: அம்மாவுக்கு ஒரு உபாதையும் இல்லை என்று வார்ஃபரினை ஒரு மாதமாக நிறுத்திவிட்டோம். பஸ் காசு மிச்சம் என்று நினைத்தோம்.

பிள்ளை, உங்களைக் குறை சொல்லவில்லை, வீட்டு நிலைமை எனக்கு விளங்குகிறது. இதுவரை பாரிசவாதம் வராமல் இருந்ததற்கு அந்தக் குளிசையும் ஒரு காரணமாக இருக்கலாம். பழைய அளவை நீங்களாகத் தொடங்கிக் கொடுக்க வேண்டாம், முதலில் இரத்தம் பார்க்க வேண்டும். கிளினிக் நாள் வரும்வரை இருக்காமல் நாளைக் காலையிலேயே கொப்பியோடு கூட்டிக்கொண்டு போய், ஒரு மாதம் விட்டுவிட்டோம் என்று மறைக்காமல் சொல்லுங்கள். ஏழு மணிக்கு முன் போனால் நம்பர் முன்னுக்குக் கிடைக்கும்.