குசினியிலிருந்து தொடங்குங்கள், தம்பி

தம்பி, உங்கள் கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தபோது நான் பாரிஸில் இல்லை. மட்டக்களப்பில், கல்லடியில் அம்மாவின் வீட்டு விறாந்தையில் இருந்தேன். பாரிஸுக்கு வந்து 4 மாதம் ஆகிறது, ரெஸ்டோரண்ட் ஒன்றில் கோப்பை கழுவுகிறேன், மதியம் அவர்கள் தரும் சாப்பாடு தொண்டைக்குள் இறங்குவதில்லை, இரவில் அறைக்கு வந்து சோறும் பருப்பும் ஆக்கித்தான் நாளை ஓட்டுகிறேன், நீங்கள் எப்படிப் பழகினீர்கள், எதிலிருந்து தொடங்கினீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். நம் பக்கத்துக் களுவாஞ்சிகுடிப் பிள்ளை ஒருவர் அரைவயிறாகக் கிடக்கிறார் என்று வாசித்ததும் எனக்கு மனம் பொறுக்கவில்லை. சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

நானும் கோப்பை கழுவித்தான் தொடங்கினேன். முதல் நாள் எனக்குப் புரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல் 'குஸீன்'. சமையலறையை நம் வீட்டில் குசினி என்றுதானே சொல்கிறோம்! அது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல், பேக்கரியில் வாங்கும் பாணும் அப்படியே. 1628 இல் மட்டக்களப்பின் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள், 1638 இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள், சொற்கள் மட்டும் நம் அடுப்படியில் தங்கிவிட்டன. கொச்சிக்காய் என்கிற மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் செடி, அவர்கள் கப்பலில் வந்தது. நீங்கள் ஏங்குகிற அந்த மீன்கறியிலேயே வேறு நாடு கலந்திருக்கிறது. இதை அன்றே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் முதல் வருடம் அவ்வளவு துன்பப்பட்டிருக்கமாட்டேன்.

துன்பம்தான் பட்டேன். ஒருநாள் கருவாட்டுக் குழம்பு கொண்டுபோனபோது, நாற்றம் தாங்கவில்லை என்று முதலாளி பெட்டியோடு வெளியே வைக்கச் சொன்னார். அதன் பிறகு பல மாதம் அந்த ஊர்ச் சாப்பாட்டை நான் கோபத்தாலேயே தொடவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அது உங்கள் வயிற்றைத்தான் காயப்போடும்.

என்னை மாற்றியது இரண்டாவது வேலையிடம். அங்கே அல்ஜீரியாவின் கபிலியா மலைப்பகுதியைச் சேர்ந்த ஓர் அம்மா சமைத்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலை அகன்ற தட்டில் ரவையைக் கொட்டி, உப்புத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து உள்ளங்கையால் உருட்டிக்கொண்டிருந்தார். நான் கழுவிய கோப்பையைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். அம்மா பிட்டுக்கு மாக் குழைக்கிற அதே கை, அதே அசைவு. கீழ்ப்பானையில் இறைச்சியும் காய்கறியும் கொதிக்க, அந்த ஆவியில் மேலே துளையுள்ள பானையில் ரவை அவிகிறது. வெந்ததைத் தட்டில் கொட்டி, கட்டி உடைத்து, எண்ணெயும் தண்ணீரும் தடவி மறுபடியும் அவிக்கிறார்கள், இரண்டு மூன்று முறை. பிட்டு அவிக்கிற நம் நீத்துப்பெட்டி ஒரே தடவையில் முடிக்கிற வேலை. அந்த ரவைச் சாப்பாடுதான் கூஸ்கூஸ். அன்று மதியம்தான் பிரான்ஸில் முதல் தடவையாக வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் அவருக்குப் பிட்டும் சம்பலும் கொண்டுபோனேன். தேங்காய்ப்பூவின் மணத்தை அவர் கண்ணை மூடி முகர்ந்ததை இன்னும் மறக்கவில்லை. பிட்டும் தேங்காய்ப்பூவும் போலப் பிணைந்தவர்கள் என்று நம் பக்கத்தில் தமிழரையும் முஸ்லிம்களையும் சொல்வார்களே, அது அப்போது நினைவுக்கு வந்தது. கூஸ்கூஸும் அப்படித்தான் சேர்த்துவைக்கிறது. அல்ஜீரியாவுக்கும் மொரோக்கோவுக்கும் இடையிலான தரை எல்லை 1994 முதல் மூடிக்கிடக்கிறது. ஆனாலும் அவை இரண்டும் துனீசியாவோடும் மொரிட்டானியாவோடும் சேர்ந்துதான் கூஸ்கூஸை யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் 2020 இல் இடம்பெறச் செய்தன.

ஆகவே என் முதல் பதில் இதுதான்: உங்கள் கைக்கு ஏற்கெனவே தெரிந்த சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள். பக்கத்தில் நிற்பவரிடம் அவருடைய அம்மா வீட்டில் என்ன ஆக்குவார் என்று கேளுங்கள். பெரிய ரெஸ்டோரண்டுகளின் பெயர் பெற்ற சாப்பாடு பிறகு வரட்டும். மாடு சாப்பிடாதவர் என்றால் கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிரெஞ்சுச் சாப்பாட்டுக்கு நான் மூன்றாவது வருடம்தான் வந்தேன், அதுவும் மார்செய் துறைமுகத்து பூயாபேஸ் வழியாக. விலைபோகாத முள் மீன்களை மீனவர்கள் கடற்கரையிலேயே கொதிக்கவைத்ததிலிருந்து பிறந்த சூப் அது. இன்று விலை அதிகம், ஆனால் வாயில் வைத்தால் கடல் தெரியும்.

செனகலைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. எனக்கு அடுத்த தொட்டியில் கோப்பை கழுவியவர் சென்-லூயி ஊர்க்காரர். பல வருடம் கழித்து அவரோடு அங்கே போனேன். ஆற்றுக்கு நடுவே தீவில் நகரம், 1897 இல் திறந்த நீண்ட இரும்புப் பாலம், அப்பால் ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய மணல்திட்டில் மீனவர் வீடுகள். நான் பேச்சில்லாமல் நின்றேன். புளியந்தீவும் கல்லடிப் பாலமும் வாவிக்கும் கடலுக்கும் நடுவே நம் வீடுகளும் வேறு எப்படி இருக்கின்றன?

அங்கே ஆக்குவது 'சேபு ஜென்'. சோறும் மீனும் என்பதுதான் பொருள். கலவாய் மீனைக் கீறி, உள்ளியும் இலையும் கொச்சிக்காயும் இடித்து உள்ளே அடைப்பார்கள். எண்ணெயில் தக்காளி விழுதைக் கறுத்துவரும்வரை வதக்கி, தண்ணீர் விட்டு, மரவள்ளி, கரட், கோவா, கத்தரிக்காய் எல்லாம் போட்டு வேகவைப்பார்கள். 'கெஜ்' என்ற கருவாடும் சேரும். ஆமாம் தம்பி, கருவாடு! முதலாளி வெளியே வைக்கச் சொன்ன அதே மணம் அந்த வீட்டில் விருந்தின் மணமாக இருந்தது. பழப்புளியும் சேர்கிறது. அரிசியோ குறுணல், உடைந்த அரிசி. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் செனகல் நிலத்தில் நிலக்கடலை பயிரிடவைத்து, சாப்பாட்டுக்கு இந்தோசீனாவிலிருந்து குறுணலைக் கப்பலில் இறக்கினார்கள். தலையில் கட்டப்பட்ட அரிசியிலிருந்து தம் நாட்டின் தலைசிறந்த உணவை அந்தப் பெண்கள் ஆக்கிக்கொண்டார்கள். ஒரே பெரிய தட்டைச் சுற்றி அமர்ந்தோம். வீட்டுக்கார அம்மா மீனைப் பிய்த்துப் பிய்த்து என் பக்கம் தள்ளினார். சிறு வயதில் சட்டியைச் சுற்றியிருந்து குழைத்த சோற்று உருண்டைக்குக் கை நீட்டிய நினைவில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போன வாரம் அதை இங்கே கல்லடியில் ஆக்கினேன். கலவாய் கடற்கரையிலேயே கிடைத்தது. குறுணல் கேட்டபோது, "கோழிக்குப் போடுகிறதையா?" என்றார் அம்மா. அதைக் கழுவி முதலில் ஆவியில் அவித்து, பிறகுதான் குழம்பில் போடவேண்டும். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, புளி கொஞ்சம் கூட்டலாம் என்றார். அடிப்பிடித்த சோற்றை வழக்கம்போலத் தனக்கென்று சுரண்டி எடுத்தார். சென்-லூயியில் அதைத்தான் எல்லாரும் விரும்பிக் கேட்பார்கள் என்று சொன்னேன். பாதியை என் தட்டில் வைத்தார்.

இனி நீங்கள் செய்யவேண்டியது. லா ஷப்பலில் தமிழ்க்கடைக்குப் போகிற நாளில் இன்னும் கொஞ்ச தூரம் நடந்து ஆபிரிக்கச் சாமான்கள் விற்கிற ஷாத்தோ ரூஜ் சந்தைக்குப் போங்கள். மரவள்ளியும் குண்டான, மணக்கிற கொச்சிக்காயும் கருவாடும் அங்கே இருக்கும். 'ரி காஸே' என்று கேட்டால் குறுணல் தருவார்கள். அடுத்த மாதம் நான் திரும்பிவிடுவேன். குறுணலை நீங்கள் வாங்கி வையுங்கள். பழப்புளியை அம்மா இப்போதே கட்டித் தந்துவிட்டார்.