வெள்ளிக்கோடு விழுந்தால் சூட்டை ஏற்றலாமா?

கேள்வி: செகண்ட் ஹேண்டில் வாங்கிய 120 டன் இன்ஜெக்‌ஷன் மெஷினில் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் கவர் ஓட்டுகிறோம். ரன்னரோடு (பீஸுக்குப் பிளாஸ்டிக் போகும் வழியில் உறையும் தண்டு) சேர்த்து ஒரு ஷாட் 18 கிராம். மழை ஆரம்பித்ததிலிருந்து பீஸில் வெள்ளிக்கோடு விழுகிறது. மெட்டீரியல் ஏஜென்ட் 'சூடு பத்தலை, ஏத்துங்க' என்றார். 220 டிகிரியிலிருந்து 245 வரை ஏற்றிவிட்டேன், இன்னும் மோசம்தான். சரியான செட்டிங் சொல்லுங்கள் சார்.
- வாசகர், கோவை

பதில்: முதல் வேலையாக 245-ஐ இறக்குங்கள். செட்டிங் அப்புறம்.

'மழை ஆரம்பித்ததிலிருந்து' என்று பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஏபிஎஸ் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக்கை உருக்கும் பேரலுக்குள் அது ஆவியாகி, டைக்குள் (அச்சுக்குள்) பாயும்போது பீஸின் மேல்தோலில் கோடாக இழுபடுகிறது. சூட்டை ஏற்றினால் மட்டும் ஈரம் எங்கே போய்விடும்?

கிளவுஸ், முகக் கவசம் மாட்டிக்கொண்டு, பேரல் யூனிட்டை டையிலிருந்து பின்னுக்கு இழுத்து ஒரு ஷாட்டை வெளியே தகட்டில் விடுங்கள். பட்பட்டென்று வெடித்து நுரைத்தால் ஈரம். பழுப்பேறி நாறினால் கருகல். வழவழவென்று வந்தும், பீஸில் பிளாஸ்டிக் நுழையும் கேட்டைச் சுற்றி மட்டும் கோடு இருந்தால் இன்ஜெக்‌ஷன் வேகத்தைக் குறையுங்கள். உங்களுக்கு முதல் இரண்டும் சேர்ந்திருக்கும் என்பது என் ஊகம்.

மெட்டீரியலைக் காய வைக்கும் ஹாப்பர் டிரையரில் 80 டிகிரி, 3 மணி நேரம். சுவிட்சைப் போட்டு அரை மணியில் மெஷினை ஓட்டுவது காய வைத்த கணக்கில் வராது. அரைத்த ரன்னரையும் காய வையுங்கள். டைக்குப் போகும் சில்லர் தண்ணீரை ரொம்பக் குளிர வைத்தால் மழைக்காலத்தில் டை வியர்த்து, அந்தத் துளியே கோடு போடும். டை 50 - 60 டிகிரியில் இருக்கட்டும்.

இப்போது அந்த ஏஜென்ட். மெட்டீரியலில் குறை என்று யார் சொன்னாலும் இவர்களிடம் ஒரே மருந்துதான்: 'சூட்டை ஏத்துங்க'. ரீபிராசஸ் சரக்கை (பழைய பிளாஸ்டிக்கை மறுபடி உருக்கியது) புது மூட்டையில் கட்டி 'வர்ஜின்' என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். மூட்டையில் கம்பெனி சீல், லாட் நம்பர், அந்த லாட்டுக்கான டெஸ்ட் சர்ட்டிஃபிகேட் மூன்றையும் கேளுங்கள். 'நம்ம பழக்கத்துக்குப் பேப்பர் எதுக்கு' என்றால் அங்கே வாங்காதீர்கள். சந்தேகம் இருந்தால் சென்னை கிண்டியில் உள்ள மத்திய அரசின் பிளாஸ்டிக் நிறுவனமான சிப்பெட்டில் மெல்ட் ஃப்ளோ (உருகி எவ்வளவு எளிதாக ஓடுகிறது) பார்க்கலாம்.

பழைய மெஷின் என்பதால் இன்னொன்று. பேரலின் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளில் ஜே, கே என்று ரகங்கள் உண்டு. கன்ட்ரோலர் ஜே-க்கு செட் ஆகியிருக்க, மெஷின் புரோக்கர் கையில் கிடைத்த கே-யை மாட்டிவிட்டுப் போயிருந்தால், போர்டில் 230 காட்டும்போது உள்ளே 300-ஐத் தாண்டியிருக்கும். நான் போய்ப் பார்த்த ஒரு மெஷினில் பேரலின் மூன்று ஜோனில் (சூட்டுப் பகுதியில்) ஒன்று இப்படித்தான் இருந்தது. ஆறு மாதமாக மெட்டீரியலைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஆடிட்டுக்கு வருகிறவர்களும் சுவரில் ஒட்டிய சார்ட்டில் கையெழுத்து இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். உருகிய பிளாஸ்டிக்கில் ஊசி பைரோமீட்டரை (சூடு பார்க்கும் கருவி) ஒருவர் குத்திப் பார்த்து நான் கண்டதில்லை. நீங்கள் குத்திப் பாருங்கள். அதுதான் உண்மையான சூடு.

சரி, செட்டிங். பின் ஜோன் 200, நடு 215, முன் 225, நாசில் (பேரல் முனை) 220. ஹாப்பர் அடியில் தண்ணீர் ஓடட்டும்.

ஆனால் உங்கள் 18 கிராமுக்கு இதுவும் அதிகமாகலாம். பேரல் 180 கிராம் பிடிக்கும் என்று வையுங்கள். உள்ளே போன மெட்டீரியல் வெளியே வரப் பத்து ஷாட் ஆகும். சைக்கிள் 40 விநாடி என்றால் 400 விநாடி, கிட்டத்தட்ட 7 நிமிடம். பேரலுக்குள் சுழலும் ஸ்குரூவின் மரைகளில் நிற்பதையும் சேர்த்தால் இன்னும் கூடும். அதுவரை வெந்துகொண்டே இருக்கும். எவ்வளவு காய வைத்தாலும் இந்தக் கோடு போகாது. கருகலும் வெள்ளிக்கோடு மாதிரியேதான் தெரியும். அதனால் ஒவ்வொரு ஜோனிலும் 5 டிகிரி இறக்கி, 20 ஷாட் ஓட்டி, பீஸைப் பாருங்கள். டை நிறையாமல் நின்றால் அந்த 5-ஐத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த டை போடும்போது கேவிட்டியை (பீஸ் உருவாகும் குழி) இரண்டாக்குங்கள், அல்லது சின்ன பேரல் மெஷினுக்கு மாற்றுங்கள். டன் கணக்கு டையை இறுக்கிப் பிடிப்பதற்கு. பேரல் அளவைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். விற்கிறவர் தானாகச் சொல்ல மாட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் பேரலை அப்படியே சூட்டில் விட்டுப் போகாதீர்கள். காலி செய்து, 150-க்கு இறக்கிவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் வரும் முதல் சில ஷாட்களைப் பெட்டியில் சேர்க்க வேண்டாம்.